ஆமா, இல்ல, தேவையில்ல

அத்தியாயம் 5

"ஒருவனைச் சுற்றிப் பத்தாயிரம் பேருக்குச் சாப்பாடு கிடக்கிறது. அவன் பட்டினி. கதவில் பூட்டு இல்லை. ஆனால் வெளியே வர முடியாது. நாளை மாலை ஆறு மணிக்கு மேல் அவனுக்குப் பசிக்காது. ஆனால் யாரும் அவனுக்குச் சாப்பாடு போடப் போவதில்லை. அவன் எங்கே இருக்கிறான்?"

தையலக்கா தன் செல்போனைப் பார்த்து இதை இரண்டு தடவை வாசித்தாள். இரண்டாம் தடவை கடைசி வரி வரவில்லை. நான் வாங்கிப் பார்த்தேன். நேற்று சாயங்காலம் போட்டது. அப்படியென்றால் அந்த 'நாளை' இன்றுதான். சுவரில் மணி மூன்று நாற்பது.

எங்கள் ஆபீஸ் டயர் கடைக்கு மேலே ஒரு அறை. அண்ணி இருபத்து நான்கு வருஷம் டெலிபோன் எக்சேஞ்சில் காதில் குழலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். எக்சேஞ்சை மூடிய பிறகு காணாமல் போன ஆளையும் பொருளையும் தேடிக் கொடுக்கிற வேலைக்கு வந்துவிட்டாள். நான் அவள் புருஷனுடைய தம்பி. முதுகு போகிற வரைக்கும் மூட்டை தூக்கினேன். இப்போது வேன் ஓட்டுவேன், மாடி ஏறுவேன், அடி விழுந்தால் வாங்கிக்கொள்வேன். துப்புத் துலக்குவது அவள் பாடு.

தையலக்கா சொன்னதை இங்கே சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவளுக்குத் தம்பி ஒருவன். ஊருக்கு வெளியே ரோட்டில் லாரி நிறுக்கிற எடை மேடையில் கிளார்க். முந்தாநாள் வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. அவன் போனிலிருந்து செய்தி மட்டும் வருகிறது: 'ஓவர்டைம், நாளை வருவேன்.' போலீஸில் போய்ச் சொன்னாள். செய்தி வருகிறது, போதாததற்கு நண்பர்களோடு போனில் விளையாடிக்கொண்டும் இருக்கிறான், இவனைக் காணவில்லை என்று எப்படி எழுதுவது என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

"என் தம்பி என்னை 'சாப்ட்டியாக்கா'ன்னு கேக்காம ஒரு நாளும் முடிச்சதில்லம்மா," என்றாள். "இதுல அக்காவும் இல்ல, சாப்ட்டியாவும் இல்ல."

விளையாட்டு என்றது அந்த விடுகதைக் குழுவை. பெயர் 'மண்டைக்குடைச்சல்'. ஆறு பேர். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. வாரம் ஒருவர் முறை. முறை வந்தவர் தலையும் வாலும் இல்லாமல் ஒரு கதை போடுவார். மற்றவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டு மீதியைக் கண்டுபிடிக்க வேண்டும். கதை போட்டவர் மூன்றே வார்த்தைதான் பேசலாம்: ஆமா, இல்ல, தேவையில்ல. விடை வரும்வரை நாலாவது வார்த்தை பேசக் கூடாது, பொய்யும் கூடாது. தம்பிக்கு அங்கே பெயர் எடைக்கல்; இந்த வாரம் அவன் முறை, அவள் வாசித்துக் காட்டியது அவன் போட்ட கதை. தையலக்காவையும் அவன்தான் சேர்த்துவிட்டிருந்தான். ஊசி கோக்கிற நேரத்தில் வாசிப்பாளே தவிர, இரண்டு வருஷத்தில் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அண்ணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நேற்றிலிருந்து ஓடிய கேள்வி பதிலை மேலிருந்து கீழே வாசித்தாள். மொத்தம் எழுபதுக்கு மேல். கடையா? இல்ல. கல்யாண வீடா? இல்ல. பல் டாக்டர் என்ற பெயரில் ஒருவர் கேட்டிருந்தார்: அதைச் சாப்பிட்டால் செத்துவிடுவானா? ஆமா. தபால் என்ற பெண்: மூட்டை மூட்டையாக இருக்கிறதா? ஆமா. சிரிப்பு பொம்மைகள், கைதட்டல் பொம்மைகள். இப்படி ஒரு கதை வந்து எத்தனை நாளாச்சு என்று ஆளாளுக்குப் பாராட்டு.

ஒருவன் உயிரோடு புதைந்துகொண்டிருக்கிறான். மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். வேறு யாராக இருந்தாலும் நேற்றே பயந்திருப்பார்கள். விடுகதைக்காரர்களுக்கு மட்டும் அது வராது.

"தம்பி, சாப்பிடறதுக்குன்னே இருக்கற பொருள், ஆனா சாப்ட்டா செத்துடுவான். மூட்டைல இருக்கு. என்னது?"

"எங்கண்ணனைக் கேளுங்கண்ணி. நீங்க வச்ச குழம்பை இருபது வருஷமா சாப்பிடறார்."

அண்ணி சிரிக்கவில்லை. தையலக்கா மூட்டை தூக்கிக் காய்த்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விதைக் கிடங்கில் வேலை செய்தவனுக்கு இது தெரியும். விதைக்குப் பூச்சி வராமல் இருக்க விஷ மருந்து தடவுவார்கள். யாரும் தெரியாமல் தின்றுவிடக் கூடாது என்று அதில் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். ஒரு நாள் தூக்கினால் உள்ளங்கை ஒரு வாரம் சிவப்பாக இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அந்த வாரம் முழுக்க ஸ்பூனில்தான் சாப்பிடுவோம். பத்தாயிரம் பேர் சாப்பிடுகிற தானியம்தான். ஆனால் ஒரு பிடி வாயில் போட்டால் கதை முடிந்தது.

"விதைக் கிடங்குண்ணி," என்றேன். சொன்ன வேகத்தில் மீதியும் தானாக வந்தது. கிடங்குக்கு வருஷத்தில் ஒரு நாள் புகை மருந்து வைப்பார்கள். ஆளையெல்லாம் வெளியே அனுப்பி, தார்பாய் போர்த்தி, இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, ஐந்து நாள் திறக்க மாட்டார்கள். உள்ளே எலிகூடப் பிழைக்காது. தையலக்கா முன்னால் இதை எப்படிச் சொல்வது என்று நிறுத்தினேன். அவளே கேட்டாள், ஆறு மணிக்கா என்று. சாயங்காலம்தான் வைப்பார்கள் என்று மட்டும் சொன்னேன்.

அண்ணி உடனே போலீஸுக்குப் போன் போட்டாள். விடுகதையில் வந்தது என்றதும் அந்தப் பக்கம் ஒரு கொட்டாவி கேட்டதாம். எந்தக் கிடங்கு என்று உறுதியாகத் தெரிந்தால் ஜீப் அனுப்புகிறோம் என்றார்கள்.

எங்கள் பக்கம் விதைக் கிடங்கு மூன்று. ரயிலடியில் ஒன்று, செங்கல் சூளைக்குப் பக்கத்தில் ஒன்று, வாய்க்கால் மதகுக்குப் பின்னால் ஒன்று. மூன்றிலும் நான் தூக்கியிருக்கிறேன். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் முக்கால் மணி நேர ஓட்டம். மணி நாலே கால். மூன்றையும் பார்ப்பதற்குள் டேப் ஒட்டிவிடுவார்கள்.

தையலக்கா ஒரு யோசனை சொன்னாள். குழுவில் பாட்டு வாத்தியார் என்று ஒருவர் இருக்கிறார். ரிட்டயர்டு, எல்லோருக்கும் மூத்தவர், தோற்றதே கிடையாது. தம்பியைக் காணவில்லை என்றதும் நேற்று இரண்டு தடவை அவரே போன் செய்து ஆறுதல் சொன்னார். தம்பியின் பை வீட்டில் இருக்கிறதா, அதில் சீட்டு ஏதாவது இருக்கிறதா, பார்த்து வையம்மா, துப்புக் கிடைக்கும் என்று அக்கறையாகக் கேட்டார். அவரிடம் விதைக் கிடங்கு என்று சொன்னால் மீதியை ஒரு நிமிஷத்தில் போட்டுவிடுவார்.

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இரும்மா. யாருக்கும் எதுவும் எழுதாத." பிறகு என் பக்கம் போனைத் திருப்பினாள். "தம்பி, இதுவரைக்கும் எல்லாரும் பதிலைத்தான் படிச்சோம். இப்ப கேள்வியை மட்டும் படி. இந்த ஆளோடதை."

படித்தேன். பாட்டு வாத்தியார் கேட்டது பதினோரு கேள்வி. முதல் கேள்வி: கடலில் சுற்றித் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாத மாதிரியா? ஆமா. அவ்வளவுதான், கடல் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு குழுவே கடலில் குதித்துவிட்டது. கப்பலா? இல்ல. தீவா? இல்ல. தெப்பமா? இல்ல. யாராவது கரைக்குத் திரும்பினால் வாத்தியார் மறுபடி இழுத்துவிடுகிறார். தபால் 'மூட்டையா' என்று கேட்டு 'ஆமா' வாங்கியதும் அடுத்த நிமிஷமே இவர் கேட்டிருந்தார்: துறைமுகத்தில் ஏற்ற வைத்திருக்கிற சிப்பமா?

"தோக்காத ஆளு இன்னிக்கு மட்டும் தோக்கறதுக்கு ஆடறான்," என்றாள் அண்ணி.

நான் அந்த ஒரு வார்த்தையிலேயே நின்றுகொண்டிருந்தேன். சிப்பம். மூட்டை தூக்குகிறவனும், தூக்கவைத்து எண்ணுகிறவனும் சொல்கிற வார்த்தை. வெளியே இருக்கிறவர்களுக்கு எல்லாமே மூட்டைதான். முந்தின கேள்வியில் தபால் மூட்டை என்றே எழுதியிருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டும் இந்த மனுஷன் கைக்கு சிப்பம் என்றுதான் வந்திருக்கிறது.

"அண்ணி, இவர் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர் இல்ல. கிடங்குல நின்னு சிப்பம் எண்ணினவர்."

தையலக்காவுக்கு அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. எடை மேடையில் பொய் எடை எழுதச் சொல்லி யாரோ நெருக்குகிறார்கள், எழுத மாட்டேன், உண்மைச் சீட்டின் நகல் என்னிடம் இருக்கிறது என்று தம்பி போன மாதம் சொன்னானாம். யாரென்று கேட்டதற்கு, உனக்கு எதற்குக்கா என்று பேச்சை மாற்றிவிட்டானாம். ஆறுதல் சொன்னவர் பையை எதற்குத் தேடச் சொன்னார் என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நல்ல வேளை, பையைக் கண்டுபிடித்ததை அவள் இன்னும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

இனி ஒரே கேள்விதான் பாக்கி. எந்தக் கிடங்கு? பதில் தெரிந்தவன் தம்பி. அவனிடம் கேட்க இருக்கிற ஒரே வழி அந்தக் குழு. குழுவில் வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார். ரயில் சத்தம் கேட்கிறதா என்று கேட்டால் அடுத்த நிமிஷம் தம்பி கையில் போன் இருக்காது.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். பழைய நாளில் இரண்டு லைன் ஒன்றாகக் கலந்துவிட்டால் இப்படித்தான் உட்காருவாளாம். ஒரு நிமிஷம் கழித்துத் தையலக்காவிடம் சொன்னாள், "நீயே கேளும்மா. நான் சொல்ற மாதிரி எழுது."

தையலக்கா எழுதினாள்: 'அவனுக்குத் தண்ணி சத்தம் கேக்குதா?'

அனுப்பிய உடனே குழுவில் ஆரவாரம். அக்கா முதல் கேள்வி கேட்டுட்டாங்க என்று பல் டாக்டர் கைதட்டினார். பாட்டு வாத்தியாரும் வந்தார். அருமையான கேள்வி, கடல் பக்கம்தான் என்று நானும் நினைக்கிறேன் என்று எழுதினார். அவருக்கு அது அலைச் சத்தம். எங்களுக்கு அது மதகில் தண்ணீர் விழுகிற சத்தம். ஒரே கேள்விக்கு இரண்டு காது.

பதில் வரவில்லை. நாலு இருபத்தெட்டு. நாலு முப்பது. தையலக்கா போன் அணைந்துவிடாமல் திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். நாலு முப்பத்தொன்றுக்கு வந்தது.

'ஆமாக்கா.'

அந்த மூன்று வார்த்தை தவிர வேறு பேசக் கூடாது என்ற விதியை அவன் ஒரு 'அக்கா'வை ஒட்டவைத்து மீறியிருந்தான். தையலக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். சத்தம் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் சத்தமில்லாமல்தான் அழுதாள்.

வேன் என் முதுகு மாதிரிதான், மேடு வந்தால் முனகும். வழியில் அண்ணி போலீஸுக்குக் கிடங்கைச் சொன்னாள். வருகிறோம் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. தையலக்கா பின் சீட்டில். அண்ணி அவளிடம் ஒரு வரி எழுதித் தயாராக வைக்கச் சொல்லி, தான் கண்ணாடியைக் கழற்றும்போது அதை அனுப்பச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். வாத்தியாருக்கு விடை சொல்லப் போறோம் என்றாள்.

ஐந்து இருபத்தைந்துக்கு வாய்க்கால் கிடங்கு. மதகில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டிலேயே காதை அடைத்தது. சுவரில் மண்டையோடு போட்ட மஞ்சள் பலகை. பெரிய கதவு ஒன்றை மூடிவிட்டார்கள். மற்றதற்குத் தார்பாய் இழுத்துக்கொண்டிருந்தார்கள் நாலு பேர். மருந்து மேஸ்திரி கையில் பட்டியலோடு நின்றார். பழைய ஆள், எனக்குப் பழக்கம்.

அவர் பக்கத்தில் கிடங்கு மேனேஜர். வெள்ளைச் சட்டை, மெதுவான குரல். என்ன வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார். உள்ளே ஆள் இருக்கிறதாகச் சந்தேகம் என்றாள் அண்ணி. அவர் கோபப்படவில்லை. பட்டியலைக் காட்டினார். காலையில் உள்ளே போனவர்கள் பதினாலு, வெளியே வந்தவர்கள் பதினாலு, எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மேஸ்திரி மூன்று தடவை குரல் கொடுத்தும் பார்த்துவிட்டார். இதற்கு மேல் என்ன செய்ய? இருட்டுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் அம்மா என்றார். அந்தக் குரலில் பாட்டுச் சொல்லிக் கொடுத்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு கணம் எனக்கே ஆட்டம் கண்டுவிட்டது. தப்பான கிடங்கோ? தப்பான ஆளோ? அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

வேனுக்குள் தையலக்கா அந்த வரியை அனுப்பினாள்: 'கண்டுபிடிச்சிட்டேன். கலங்கரை விளக்கம். சரக்குப் படகு வர்ற வரைக்கும் அவன் பட்டினி.'

மேனேஜரின் சட்டைப் பையில் சத்தமில்லாமல் ஒரு துடிப்பு. எடுத்துப் பார்த்தார். அதுவரை விறைத்துக்கொண்டிருந்த தோள் இரண்டும் கீழே இறங்கின. உதட்டோரம் சின்னதாக ஒரு சிரிப்பு. மாணவி தப்பாகப் போட்ட கணக்கைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"கலங்கரை விளக்கம் இல்லங்க, வாத்தியாரே," என்றாள் அண்ணி.

சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்பது அவருக்கு மறந்துவிட்டது.

அவர் மேஸ்திரியிடம் திரும்பி, நேரமாகிறது, தார்பாயை இறக்கு என்றார். குரல் இப்போது மெதுவாக இல்லை. மேஸ்திரி நகரவில்லை. "ஐயா, உள்ள ஆளுன்னு ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லிட்டா நான் ஒரு சுத்து பாக்காம டேப் வைக்க மாட்டேன். என் கைல அந்தப் பாவம் வேண்டாம்," என்றார். தன் ஆட்கள் நாலு பேரையும் கேட்டில் நிற்கச் சொன்னார்.

உள்ளே போனோம். மூட்டை அடுக்கிய அட்டி ஆறு, ஒவ்வொன்றும் கூரையைத் தொடுகிற உயரம். சிவப்புத் தூசி மூக்கில் ஏறியது. கூப்பிட்டுப் பார்த்தோம். மூட்டைகள் சத்தத்தைக் குடித்துவிட்டன. விதை மாதிரி எடுத்து வைக்கிற சாம்பிள் ரூம் ஒன்று இருக்குமே என்று கேட்டேன். அதை ஆறு மாதத்துக்கு முன்பே இடித்தாகிவிட்டதாக மேனேஜர் சொன்னார் என்றார் மேஸ்திரி. மணி ஐந்து நாற்பது.

ஐந்து அட்டியைச் சுற்றினேன். ஆறாவதில் நின்றேன். மூட்டை அடுக்குகிறவன் ஒரு வரிசை நீளவாக்கில் போட்டால் அடுத்த வரிசை குறுக்கே போடுவான். மூலைக்கு மூலை ஒன்றை ஒன்று கவ்விப் பிடிக்கும். அதற்குக் கட்டு என்று பெயர். கட்டு இல்லாமல் அடுக்கினால் சரிந்து ஆளைக் கொன்றுவிடும். இந்த ஆறாவது அட்டியில் சுவரோரமாக ஒரு ஆள் அகலத்துக்குக் கட்டே இல்லை. செங்கல் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று. மூட்டை எண்ணத் தெரிந்தவன் அடுக்கியது, தூக்கத் தெரிந்தவன் அடுக்கியது இல்லை.

"மேஸ்திரி, இது வெள்ளைச் சட்டை போட்டவன் வேலை," என்றேன்.

இழுத்தோம். டாக்டர் இனி குனியவே கூடாது என்று சொல்லியிருந்த முதுகோடு பத்தொன்பது மூட்டை இழுத்தேன். கடைசி மூட்டை விழுந்ததும் பின்னால் மரக் கதவு. பூட்டு இல்லை.

சாம்பிள் ரூம் இடிக்கப்படவில்லை. தரையில் ஒருவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வாயில் துண்டு கட்டியிருந்தது, ஐந்து மணிக்கு மருந்து ஆட்கள் வந்தபோது ஜன்னல் கம்பி வழியாகக் கட்டியதாம். கையையும் அப்போதே கட்டிவிட்டார்கள். உதடு வெடித்திருந்தது. கண் மட்டும் அசைந்தது. துண்டை அவிழ்த்ததும் தண்ணீர் கேட்டான்.

வாய்க்கால் பக்கம் கம்பி போட்ட ஜன்னல். அதற்கு வெளியே கவிழ்த்த பெட்டியில் காவலுக்கு ஒருவன், கையில் தம்பியின் போன். எங்களைப் பார்த்தவன் ஓடவில்லை. முகத்தைக் கம்பியில் வைத்தான். இந்த ஆள் யாருக்கும் போன் பேசாமல் பார்த்துக்கொள் என்று சொல்லியிருந்தார்களாம், அந்த 'ஓவர்டைம்' செய்தியையும் இவனையே அனுப்பச் சொன்னார்களாம். முறை தவறினால் ஐந்து பேரும் போன் போட்டுத் துளைப்பார்கள் என்று தம்பி சொன்னதால் விடுகதைக்கு மட்டும் அவன் விட்டிருக்கிறான். ஒவ்வொரு பதிலையும் பக்கத்தில் நின்று வாசித்த பிறகுதான் அனுப்பவிட்டானாம். மேனேஜர் குழுவில் கதையைப் பார்த்தபோது ஊரே விளையாட ஆரம்பித்துவிட்டது. பாதியில் நிறுத்தினால் சந்தேகம் வரும் என்று கடல் பக்கம் திருப்பிவிட்டார். மருந்து வைக்கிற நாளையும் நேரத்தையும் அவர் போனில் பேசியது, மூட்டை அடுக்குவதற்கு முன்பே தம்பி காதில் விழுந்திருந்தது.

"நானும் ரெண்டு நாளா யோசிக்கறேன்," என்றான் காவல்காரன். "பதில் என்னங்க?"

மேஸ்திரி அறையைச் சுற்றி ஒரு தடவை கையைக் காட்டினார். பிறகு ஆறு மணிக்கு என்ன நடக்க இருந்தது என்று சொன்னார். லாரியில் ஏற்றி வெளியூர் அனுப்பப் போவதாகச் சொன்னார்களே என்றான் அவன். பெட்டியில் உட்கார்ந்து, கம்பி வழியாகப் போனை நீட்டினான்.

வெளியே மேனேஜர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேட்டில் நாலு பேர் நின்றதால் வேறு எங்கும் போக இடமில்லை. தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. தம்பி பையில் இருந்த உண்மைச் சீட்டெல்லாம் இப்போது தையல் மெஷின் பெட்டியில், துணிக்கடியில் இருப்பதாகத் தையலக்கா அண்ணியிடம் சொன்னாள். அவள் வேனிலிருந்து இறங்கி ஓடிவந்தபோது செருப்பு ஒன்று வழியிலேயே நின்றுவிட்டது. தம்பியை மேஸ்திரியும் நானும் தாங்கிக்கொண்டு வந்தோம். அவன் அவளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி எது என்று நான் எழுத வேண்டியதில்லை. இல்லடா, இன்னும் சாப்பிடல என்றாள் அவள்.

வேன் படியில் அவனை உட்காரவைத்தோம். அவன் கையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. குழுவில் யாருக்கும் எதுவும் தெரியாது. கலங்கரை விளக்கம் தப்பா சரியா, ஏன் பதிலே இல்லை, வாத்தியாரையும் காணோமே என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தார்கள். கடைசியாகத் தபால் எழுதியிருந்தாள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பக்கத்தில் சிரிப்பு பொம்மை இல்லை.

'எடைக்கல், எனக்கு என்னமோ பயமா இருக்கு. அந்த ஆள் ஆறு மணிக்கு செத்துடறானா?'

மணி ஐந்து ஐம்பத்தெட்டு. கயிறு அறுத்த கையில் விரல் சரியாக மடங்கவில்லை. அக்கா போனைப் பிடித்துக்கொள்ள, அவன் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினான்.

'இல்ல.'